ஏட்டையாவின் இடது சட்டைப்பை

ஜூன் 4, வியாழன் இரவு

மாமா,

இதைப் படிப்பதற்கு முன்னால் சுற்றிலும் பாருங்கள். மேக்கப் அண்ணன் பக்கத்தில் இருந்தால் படிக்காதீர்கள். அவரிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். இயக்குநர் இருந்தால் பையைத் தொட்டுக்கூடப் பார்க்காதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். வெளியே தெரிந்தால் அம்மாவுக்கு வேலை போய்விடும். தொடரில் வரப்போகும் கதையை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் நான் அவள் மகள்தானே.

உங்களைச் சுடப்போகிறார்கள்.

உங்களை என்றால், நீங்கள் நடிக்கும் ஏட்டையாவை. ஆனால் ஏட்டையா செத்துவிட்டால் நீங்களும் தொடரை விட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா காக்கித் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் அளவு. முதல் சட்டையை வெட்டினாள், சரி. இரண்டாவதை வெட்டினாள், மாற்றுச் சட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதையும் வெட்டி, நாலாவதுக்குத் துணியை விரித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற வீடுகளில் ஒரே மாதிரி நாலு சட்டை தைத்தால் ஏதாவது விசேஷமாக இருக்கும். எங்கள் வீட்டில் சாவு. ஒன்று, குண்டு படுவதற்கு முன்னால் போட. இன்னொன்று, குண்டு படும்போது. அதில் சிவப்புச் சாயம் வைக்க நெஞ்சுக்கு உள்ளே ஒரு ரகசியப் பை இருக்கும். மூன்றாவது, நனைந்துபோய் விழுந்து கிடக்க. நாலாவது, நடுவில் யாராவது தும்மிவிட்டால் மறுபடி எடுக்க. போன வருஷம் வெள்ளைக் கோட்டுக் கடத்தல்காரருக்கு இப்படித்தான் நாலு கோட்டு தைத்தாள். அடுத்த வாரமே அவர் கதை முடிந்தது.

"யாருக்கும்மா நாலு?" என்று கேட்டேன்.

"தைக்கிறவளுக்கு எதுக்குடி கதை?" என்றாள். வாயில் குண்டூசி இருந்ததால் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் நாலாவது சட்டைக்குக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, வெட்டாமல் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நேரில் வந்து சொல்லியிருப்பேன். நீங்களும் அம்மாவும்தான் பேசிக்கொள்வதில்லையே. சல்யூட் அடித்தபோது கால்சட்டை கிழிந்ததற்கு இத்தனை நாளா சண்டை? நீங்கள் 'நூல் சரியில்லை' என்று சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவும் 'நூல் அப்படியேதான் இருக்கு, உள்ள இருக்கிறதுதான் பெருத்துப்போச்சு' என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. அதிலிருந்து நான் படப்பிடிப்புக்கு வரக்கூடாதாம். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதில்லை. ஃபோன் அம்மாவின் தலையணைக்கு அடியில்.

அதனால்தான் இந்த வழி. அம்மா உங்கள் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு, தூங்குவதற்கு முன்னாலேயே சட்டை அறையில் மாட்டிவிடுவாள். காலையில் அப்படியே பையோடு தூக்கிக்கொண்டு வண்டி ஏறுவாள். நான் இப்போது அந்த அறையில்தான் இருக்கிறேன். தாழ் போட்டிருக்கிறேன். டார்ச் ஒரு ஹேங்கரில் தொங்குகிறது. எழுதி முடித்ததும் உங்கள் இடது பைக்குள் திணித்துவிடுவேன். பை துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்கச் சின்னதாகக் கசக்கித்தான் வைக்க முடியும், மன்னியுங்கள். பதிலைத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகுங்கள். தொப்பிக்குத் தூசி தட்டுவது என் வேலை. அம்மா அதைத் தொடமாட்டாள்.

கதாசிரியரிடம் பேசுங்கள். அழுதாலும் பரவாயில்லை.

பொத்தான்


ஜூன் 5, வெள்ளி, மதியம்

பொத்தானுக்கு,

தகவல் வந்து சேர்ந்தது. உத்தரவுப்படி படித்து, கிழித்து, மூன்று வெவ்வேறு குப்பைத்தொட்டிகளில் போட்டேன். மூன்றாவது தொட்டியைத் தேடி அலைந்தபோது இயக்குநர், "என்ன ஏட்டையா, நிஜமாவே துப்பறிய ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். பதினோரு வருஷமாக வைத்திருக்கும் அதே முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். சிரிக்காத ஏட்டையா என்று பெயர் வாங்கியதில் இது ஒரு வசதி.

கசக்கியதற்கு ஏன் மன்னிப்பு? என் கால்சட்டை மடிப்பைவிட உன் கடிதத்தின் மடிப்பு நன்றாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதே. குண்டு பட்டால் வலிக்காது. விழும் இடத்தில் மெத்தை போடுவார்கள். சாயம் இனிக்கும் என்று கடத்தல்காரர் சொன்னார்.

கதாசிரியரிடம் பேசச் சொல்கிறாய். ஏற்கெனவே பேசிவிட்டேன். என்னை அனுப்பிவிடுங்கள் என்று கேட்டதே நான்தான். சுடுவது அவர் யோசனை. "பதினோரு வருஷப் பாத்திரத்தை சும்மா அனுப்பினா ஜனங்க என்னை சும்மா விடமாட்டாங்க" என்றார்.

காரணம் கேட்காதே. கேட்பாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்காதே.

மாமா


ஜூன் 5, வெள்ளி இரவு

மாமா,

கேட்கிறேன். ஏன்?

உங்களைக் காப்பாற்றலாம் என்று நான் பயந்து பயந்து எழுதினால், நீங்களே போய் 'என்னைச் சுடுங்கள்' என்று நின்றிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் உங்கள் தொப்பிக்குத் தூசி தட்டவில்லை. தட்டாமலே அனுப்பலாம் என்றிருந்தேன். பிறகு பாவமாக இருந்தது. பாதி தட்டினேன்.

நீங்கள் போய்விட்டால் பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? அப்பா இருந்தால் அப்பா வருவார். அவர் முகமே எனக்கு நினைவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள்தான் வருகிறீர்கள். போன வருஷம் படப்பிடிப்பிலிருந்து சீருடையோடு நேரே வந்துவிட்டீர்கள். எங்கள் கணக்கு ஆசிரியர் உங்களைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், ஒரு நிமிஷம் சார், வண்டிய எடுத்துடறேன் சார்" என்று வாசலுக்கு ஓடினாரே! அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை. கணக்குக்காகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

நான் கைக்குழந்தையாகத் துணிமூட்டைக்கு நடுவில் கிடந்தபோது உங்கள் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டேனாம். நீங்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினீர்களாம். பொத்தான் என்று பெயர் வைத்ததும் நீங்கள். பெயர் வைத்துவிட்டுப் போய்விடுவீர்களா?

இன்னொன்று. இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அம்மா யாரிடமும் பேசுவதில்லை, தையல் மெஷினிடம் பேசுகிறாள். இன்று நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "அண்ணா அண்ணான்னு இத்தனை வருஷம் கூப்பிட்டேன். போறேன்னு ஒரு வார்த்தை வாயில வரல. நாலு சட்டை தைன்னு ஆஃபீஸ்ல சீட்டு வந்தாதான் எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டாள். மெஷின் பதில் சொல்லவில்லை. அவள் கோபம் கால்சட்டைக்காக இல்லை, மாமா.

பொத்தான் (பாதிக் கோபம்)


ஜூன் 8, திங்கள், சாயங்காலம்

பொத்தானுக்கு,

ஒரு பக்கம் தட்டிய தொப்பியோடு இன்று முழுதும் நடித்தேன். ஒளிப்பதிவாளர் என்னை இடது பக்கத்திலிருந்தே படம் பிடித்தார்.

உன் அம்மா சொன்னதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். சொல்ல வாயெடுத்த அன்றைக்குத்தான் கால்சட்டை கிழிந்தது. அவமானத்தில் நூலைக் குறை சொன்னேன். பிறகு எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பதினோரு வருஷமாக ஒரே முகம்தானே வைத்திருக்கிறேன்.

சரி, வாக்குமூலம். இதை நீயும் யாரிடமும் காட்டாதே.

மேற்படி நான், சில மாதங்களுக்கு முன்பு, படப்பிடிப்பு முடிந்து சீருடையைக்கூடக் கழற்றாமல், ஹெல்மெட் போடாமல், ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். சந்திப்பில் ஒரு பெண் போக்குவரத்து அதிகாரி கையைக் காட்டினார். நிறுத்தினேன்.

"எந்த ஸ்டேஷன்?" என்றார்.

வாய் பழக்கதோஷத்தில் நம் தொடரில் வரும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லையே."

"தினமும் எட்டு மணிக்கு இருக்கும்" என்றேன்.

பொத்தான், அவர் டிவியே பார்ப்பதில்லை. ஊரில் என்னைத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். போலிப் போலீஸ் என்று என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். அந்த வழியாகப் போன பேருந்து முழுக்க, "ஏட்டையாவையே பிடிச்சிட்டாங்கப்பா!" என்று கத்தியது. அவர் பேருந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது வந்ததுதான், போகவே மாட்டேன் என்கிறது.

என் பிரச்சினையே அதுதான். இப்போதெல்லாம் பிணத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றும் காட்சியில்கூட எனக்கு உதடு துடிக்கிறது. இன்ஸ்பெக்டராக நடிக்கிறவர், "யோவ், செத்தவன் முன்னாடி என்னய்யா இளிப்பு?" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். சிரிக்காத ஏட்டையாவாக இருக்க இனி என்னால் ஆகாது. அந்த அதிகாரிக்குக் கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் எங்கள் இருவருக்கும் கல்யாணம். நானும் போகிறேன். அங்கே குழந்தைகளுக்காக நாடகம் போடும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. கரடி வேஷம் காலியாம். கரடிக்கு வயிறு இருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இப்போது சொல். கோபம் எவ்வளவு பாக்கி?

மாமா


ஜூன் 8, திங்கள் இரவு

மாமா,

கல்யாணமா? இந்த மாதமா? போக்குவரத்து அதிகாரியா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பேருந்து கத்தும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது முடிந்ததும் 'நானும் போகிறேன்' என்று வருகிறது, அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது. அடுத்த தடவை அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். மறைத்தாலும் இருக்கிறது.

அவர்களுக்கு உங்கள் சல்யூட் பிடிக்குமா? விசில் வைத்திருக்கிறார்களா? என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லவில்லை என்றால் பொத்தான் விழுங்கியதைச் சொல்லாதீர்கள். வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லுங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. போவதற்கு எதற்குச் சாகவேண்டும்? எங்கள் அறிவியல் ஆசிரியை மாற்றலாகிப் போனார்கள். யாரும் அவர்களைச் சுடவில்லை. கேக் வெட்டினோம். ஏட்டையா செத்துவிட்டால் பிறகு நீங்கள் எப்போதாவது ஒரு நாள் சும்மா எட்டிப் பார்க்கக்கூட முடியாது. கரடிக்கு லீவு விடுவார்கள் இல்லையா? அப்போது வருவதற்கு ஒரு கதவாவது திறந்திருக்கட்டும் என்று கதாசிரியரிடம் கேளுங்கள்.

அம்மா இரண்டாவது சட்டையில் ரகசியப் பை தைத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. தடவிப் பார்த்தேன்.

பொத்தான்


ஜூன் 12, வெள்ளி, மதியம்

பொத்தானுக்கு,

அவசரம். நாம் மாட்டிக்கொண்டோம். ஆனால் முழுசாக மாட்டவில்லை.

திங்கள் இரவு நீ எழுதியதைச் செவ்வாய்க்கிழமை காலையில் படித்துக்கொண்டிருந்தபோது, "ஷாட் ரெடி" என்று கூப்பிட்டார்கள். பாதிப் படிப்பில் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். கோடு போட்ட உன் பள்ளிக்கூடக் காகிதத்தின் ஒரு மூலை, பைமூடிக்கு மேலே முயல் காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. அது நேற்று ஒளிபரப்பாகிவிட்டது. என் முகத்தை அவ்வளவு பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாம்.

இன்று காலையிலிருந்து ஆஃபீஸில் ஃபோன் ஓயவில்லை. 'ஏட்டையா பையில் என்ன காகிதம்?' ஒருவர் மிரட்டல் கடிதம் என்கிறார். ஒரு அம்மா, அது மருத்துவமனைச் சீட்டு, ஏட்டையாவுக்கு ஏதோ நோய் என்று அழுதார்களாம்.

இயக்குநர் உன் அம்மாவைக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும், "பைக்குள்ள என்ன இருந்துச்சு? பார்க்க மாட்டீங்களா?" என்று கத்தினார். 'அது என்னுடையது' என்று சொல்ல முன்னால் வந்தேன். அதற்குள் உன் அம்மா, "காத்து இருந்துச்சு சார். அடுத்த தடவை பையைத் தைச்சே மூடிடறேன்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் கால்சட்டையை யாரோ இடுப்பில் பிரித்து விட்டுத் தைத்திருக்கிறார்கள். புதன்கிழமையிலிருந்து நான் மூச்சு விடுகிறேன்.

கேள், முக்கியமானது இதுதான். இந்தக் கூச்சலைப் பார்த்துக் கதாசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் உன் அறிவியல் ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் பத்து நிமிஷம் நகம் கடித்தார். பிறகு எழுந்து, "குண்டு வேண்டாம். ஊரே அந்தக் காகிதத்தைப் பார்க்கக் காத்திட்டிருக்கு. எடுத்துப் படிங்க, சிரிங்க, போங்க" என்றார்.

அதாவது, கடைசிக் காட்சியில் ஏட்டையா பையிலிருந்து காகிதத்தை எடுக்கிறார், படிக்கிறார், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறார், தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடக்கிறார். சாகவில்லை. கதவும் மூடவில்லை.

மாமா


ஜூன் 12, வெள்ளி இரவு

மாமா,

தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கத்து கத்தினேன். அம்மா, "என்னடி?" என்றாள். "கொசு" என்றேன்.

ஆனால் பயமும் போகவில்லை. என்னால்தானே அம்மா திட்டு வாங்கினாள்? சாயங்காலம் வந்ததும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் எதுவும் தெரியவில்லை. பாட்டு முணுமுணுக்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நாலு காக்கிச் சட்டையையும் மடித்து அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டாள். இப்போது புதிதாக ஒரு இளநீலத் துணி வந்திருக்கிறது. காக்கி இல்லை, ரொம்ப மெத்தென்று இருக்கிறது. நான் அறைக்குள் வந்தாலே அதன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறாள். அளவு உங்கள் அளவுதான். தோள்பட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஏட்டையாவைச் சாதாரண உடையில் வைத்துச் சுடுவார்களோ? கதாசிரியர் மனம் மாறிவிட்டாரோ? விசாரித்துச் சொல்லுங்கள்.

பொத்தான்


ஜூன் 15, திங்கள், மதியம்

பொத்தானுக்கு,

விசாரித்தேன். இளநீலம் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுடுவதாக இல்லை. ஆனால் வேறு விபரீதம் நடந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை மாதமாக 'சிரிக்காதே சிரிக்காதே' என்று திட்டினார்கள், வந்து கொட்டியது. இன்று ஒத்திகையில் 'சிரிங்க' என்றார்கள். வெற்றுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். இயக்குநர், "ஏட்டையா, இது பல்வலி. எனக்கு வேண்டியது சிரிப்பு" என்றார். மேக்கப் அண்ணன் கிச்சுகிச்சு மூட்டினார். இன்ஸ்பெக்டர் குட்டிக்கரணம் அடித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. நாளை மறுநாள் எடுத்தாகவேண்டும். சிரிப்பு வராவிட்டால் பழையபடி குண்டுதான் என்கிறார் கதாசிரியர். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறார். மீதிப் பாதியைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

வெற்றுக் காகிதம் உதவாது. நீ ஏதாவது எழுது. கேமரா ஓடும்போது முதல் தடவையாக அதைப் பிரிப்பேன். அதற்கு முன்னால் படிக்கமாட்டேன், இது சத்தியம்.

மாமா


ஜூன் 16, செவ்வாய் இரவு

மாமா,

கேமரா ஓடுகிறதா? நேராக நில்லுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கவேண்டாம், அம்மாதான் பிரித்து விட்டிருக்கிறாளே.

நேற்றிலிருந்து சிரிப்புத் துணுக்குகளாக எழுதி எழுதிக் கிழித்தேன். ஒன்றும் நன்றாக இல்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

இந்தக் காகிதத்தைப் பற்றித்தான் எல்லாருக்கும் பேச்சு. தலைமையாசிரியை இது ராஜினாமாக் கடிதம் என்கிறார்கள். வேன் ஓட்டும் அண்ணன், "சலவைக் கணக்குப்பா, வேற என்ன" என்கிறார். என் பக்கத்தில் உட்காருகிறவள் காதல் கடிதம் என்று சத்தியம் பண்ணுகிறாள். கணக்கு ஆசிரியர் பாடத்தை நடுவில் நிறுத்தி, என் காதருகே குனிந்து, "உங்க மாமாகிட்ட கேட்டுச் சொல்லேன். என் வீட்ல பந்தயம். அது நான் வண்டிய தப்பா நிறுத்தினதுக்கு எழுதின புகார் இல்லையே?" என்றார். மாமா, அவர் ஒரு வருஷமாகத் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

எனக்கு வயிறு வெடித்துவிடும் போல் இருந்தது. சிரிக்கக் கூடாதே என்று உங்கள் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். புருவம் மேலே, உதடு கீழே. "என்ன முறைக்கிற?" என்று வெளியே நிறுத்திவிட்டார். வாசலில் நின்றுகொண்டும் அதே முகம்தான். அந்தப் பக்கமாக வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் எனக்குச் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள்.

அங்கே நிற்கும்போது ஒன்று நினைத்தேன். நீங்கள் போய்விட்ட பிறகு எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்கலாம் என்று அழ முயற்சி பண்ணினேன். கண்ணை மூடினேன். கரடி வேஷத்தில் நீங்கள் மேடைக்கு வருகிறீர்கள். குழந்தைகள் எல்லாம் பயந்து நடுங்குகிறார்கள். நீங்கள் பழக்கதோஷத்தில் சல்யூட் அடிக்கிறீர்கள். கரடிக்குக் கால்சட்டை கிழிகிறது. முன்வரிசையிலிருந்து ஒரு போக்குவரத்து அதிகாரி விசில் அடித்து, "எந்தக் காடு?" என்று கேட்கிறார்.

என்னால் அழ முடியவில்லை, மாமா. எவ்வளவு முயன்றாலும் அந்தக் கரடி குறுக்கே வந்து நிற்கிறது.

அதனால் போய்வாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்குக் கரடியாகவே வந்தாலும் சரி. கணக்கு ஆசிரியரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது சிரிக்கவேண்டியது உங்கள் வேலை.

பொத்தான்


ஜூன் 17, புதன், சாயங்காலம்

பொத்தானுக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு மன்னி.

"ஆக்‌ஷன்" என்றார்கள். எடுத்தேன். உன் கடிதம் எப்போதும்போல் இளஞ்சூடாக, கத்தி மாதிரி மடிப்போடு இருந்தது. பிரித்தேன். 'வயிற்றை உள்ளே இழுக்கவேண்டாம்' என்ற இடத்தில் மூக்கு துடித்தது. கணக்கு ஆசிரியரிடம் வந்ததும் உதடு போய்விட்டது. 'எந்தக் காடு' என்ற இடத்தில், பொத்தான், நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். 'போய்வாருங்கள்' என்ற இடத்தில் என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கன்னம் நனைந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட். கால்சட்டை கிழியவில்லை. வெளியே நடந்தேன். இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். நான் பாட்டுக்கு நடந்து, வளாகம் தாண்டி, வாசல்வரை போய்விட்டேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். உன் அம்மா தட்டவில்லை. கையில் ஹேங்கரோடு ஓரமாக நின்றிருந்தாள். நானே போனேன். "நூல் நல்ல நூல்தாம்மா. தப்பு என்மேல" என்றேன். அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை சாப்பிட வாங்கண்ணா. அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

அண்ணா என்றாள்! அந்தச் சந்தோஷத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. 'அவங்களையும்' என்றால் யாரை? அதிகாரி விஷயத்தை உன்னைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லையே. நீ சொன்னாயா?

மாமா


ஜூன் 17, புதன் இரவு

மாமா,

சத்தியமாக நான் சொல்லவில்லை. மெஷினிடம்கூடச் சொல்லவில்லை.

நீங்கள் சிரித்ததைப் படித்துவிட்டு ஒரு சுற்று ஆடினேன், மேலே தொங்கிய டார்ச் தலையில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'எப்போதும்போல் இளஞ்சூடாக, கத்தி மாதிரி மடிப்போடு.' முதல் கடிதத்திலும் மடிப்பு நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். கிண்டல் என்று நினைத்திருந்தேன்.

மாமா, நான் மடிப்பதே இல்லை. ஒவ்வொரு தடவையும் உருண்டையாகக் கசக்கித்தான் பைக்குள் திணிக்கிறேன். ராத்திரி வைத்த காகிதம் காலையில் எப்படிச் சூடாக இருக்கும்? சட்டையை இங்கே இஸ்திரி போட்டு மாட்டினாலும், அங்கே போய் உங்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மா இன்னொரு தடவை இஸ்திரி போடுவாளா? அதற்கு முன்னால் பைக்குள் கை விட்டுப் பார்ப்பாளா? பார்த்துவிட்டு, அந்த உருண்டையைப் பிரித்து, அதையும் இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடி உள்ளே வைத்து

அப்படியென்றால் கால்சட்டை. அப்படியென்றால் காற்று. மாமா, அப்படியென்றால் அந்த இளநீலத் துணி

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். டார்ச்சை அணைத்துவிட்டேன், நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன். மறுபடி தட்டுகிறாள். அம்மாதான். கோபமாக இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்:

"எழுதி முடிச்சிட்டியாடி? முடிக்கலைன்னா கடைசியில ஒரு வரி சேர்த்துக்க. கல்யாணச் சட்டைக்கு இடது பக்கம் பை வைக்கட்டுமா வேண்டாமான்னு உங்க மாமாகிட்ட கேளு. வெச்சாத்தானே நீ அங்கயும் எழுத முடியும்?"